இஸ்பேடு ஆறு

தூத்துக்குடியில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்கு ஒரு கிளப் உண்டு. சொல்லிக்கொடுப்பவர் ஜெசிந்தா மிஸ். சீடர்கள் எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள்.

ஒருநாள் உப்பளக்காரர் பேச்சிமுத்து விறுவிறுவென்று வந்தார்.

"மிஸ், எனக்கு வேற ஜோடி குடுங்க. சம்பந்தியோட இனி ஆட மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை பைனல் இருக்கே அண்ணாச்சி?"

"இருக்கட்டும்."

"கொம்பையா அண்ணாச்சி எங்கே?"

"வாசல்ல நிக்காரு. ஒரே ஸ்கூட்டர்லதான் வந்தோம். ஒரு வார்த்தை பேசலை. வீட்டுல எம் பொண்ணு ரெண்டு பேருக்கும் தனித்தனியா காப்பி ஆத்துறா."

"அப்படி என்ன பண்ணினாரு?"

"எதிராளியைத் தடுக்கிற ஆட்டம். ஜோடி வாய் திறக்கக் கூடாது, சீட்டுதான் பேசணும். பெரிய சீட்டு விழுந்தா 'இதையே திரும்பப் போடு', சின்னது விழுந்தா 'வேண்டாம்'. நீங்க சொன்னதுதானே?"

"ஆமா."

"நான் இஸ்பேடு ஏஸ் இறக்கினேன். இவர் ஆறு போட்டாரு. ஆறு என்ன சின்னச் சீட்டா? திரும்ப இஸ்பேடே போட்டேன். ஆட்டம் போச்சு. கடைசியில என்னையே முறைக்காரு!"

மிஸ் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினார்.

"அன்னைக்கு உங்க கையில இருந்த சீட்டைப் பொறுக்குங்க."

தோற்ற ஆட்டம் மறக்குமா? மளமளவென்று பொறுக்கிவிட்டார். மிச்சக் கட்டை மிஸ் மேசைமேல் மலர்த்திப் பரப்பினார்.

"இதுல இஸ்பேடுலயே ஆறைவிடச் சின்னதா ஒண்ணு எடுத்துக் குடுங்க. கொம்பையா அண்ணாச்சி அதைப் போட்டிருக்கலாம்னு நானே அவரைத் திட்டுறேன்."

பேச்சிமுத்து உற்சாகமாகத் தேடினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார்.

"என்ன மிஸ், கட்டுல சீட்டு குறையுதே! கிளப்புல இதையெல்லாம் பாக்கிறதில்லையா?"

மிஸ் அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

இஸ்பேடு ஏஸ். அதை ஒட்டி ஐந்து, நாலு, மூன்று, இரண்டு.

முதலில் அவர் வயிறுதான் குலுங்கியது. பிறகு கிளப்பே அதிரச் சிரித்தார்.

"சம்பந்தி! ஏ சம்பந்தி! உள்ள வாங்க!"

கொம்பையா வாசலிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "என்ன, ஆள் மாத்தியாச்சா?"

"அந்த ஆறு... வேண்டாம்னுதான் போட்டீகளா?"

"பின்னே? வேணும்னா பத்து வச்சிருந்தேன், அதைப் போட்டிருப்பேன்லா? என்கிட்ட இருந்ததுலயே சின்னது அதுதான்."

பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"ஆனாலும் மிஸ், எனக்கு அது சத்தமாத்தானே கேட்டுச்சு? இவர் இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படி அண்ணாச்சி சொல்வாரு? மெதுவாச் சொல்ற சீட்டெல்லாம் நீங்க வச்சிருந்தீங்க."