மணி அடிக்கும் நேரத்துக் குமட்டல்

அந்த மடத்துச் சமையலறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாமிக்குப் படைத்து மணி அடிக்கும்வரை எந்தப் பண்டமும் யார் நாக்கிலும் படக்கூடாது. உப்பு சரியா என்பதை ஆவியை மோந்துதான் சொல்ல வேண்டும்.

மாசிலாமணி அதில் கெட்டிக்காரர். தீட்சை வாங்கிய நாளிலிருந்து அடுப்பு அவர் பொறுப்பு. போன வருஷம், காய் நறுக்கும் சிவகாமு சாம்பாரை விரலால் தொட்டு நக்கியதைப் பார்த்துவிட்டார். பந்தியில் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். அன்று முதல் அவள் அருவாமணையோடு வாசற்படிக்கு வெளியேதான் உட்காருகிறாள்.

தை மாதம் மாசிலாமணிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது; குமட்டல் பிடித்துக்கொண்டது. குருவிடம் போய் நின்றார். குரு அவரைவிட வயதில் இளையவர். கொஞ்சம் வைத்தியமும் தெரிந்தவர்.

"வாந்தி வருதா?"

"தொண்டை வரைக்கும் வந்து நிக்குது சாமி. வெளிய வரமாட்டேங்குது."

"காலையில வெறும் வயித்தோட அடுப்புச் சூட்டுல நிக்கிறீங்களா?"

"பூஜை முடியாம எப்படிச் சாப்பிடறது?"

"படைக்கிற பண்டத்தைத்தானே தொடக்கூடாது? எழுந்ததும் ரெண்டு வாய் பொரி மெல்லுங்க. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. இஞ்சித் துண்டு ஒண்ணு வாயில அடக்கிக்குங்க. சாப்பிட்டதும் படுக்காதீங்க. டவுன் டாக்டரையும் பாத்துட்டு வாங்க."

டாக்டர் வயிற்றையும் ரத்தத்தையும் சோதித்தார். புண் இல்லை, காமாலை இல்லை என்றார்.

இஞ்சி தீர்ந்தது. குமட்டல் தீரவில்லை.

"மசக்கையா அண்ணே? மாங்கா நறுக்கித் தரட்டா?" என்றாள் சிவகாமு, படிக்கு வெளியே இருந்து. மாசிலாமணி சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

மறுபடி குருவிடம் போனார்.

"எந்த நேரத்துல வருது?"

"மணி அடிக்கும்போது. பிரசாதத்தை எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிறப்போ அதிகமா வருது."

"சிவராத்திரிக்கு அடுப்பு மூட்டலை. பழம்தான் படைச்சோம். அன்னிக்கு?"

மாசிலாமணி யோசித்தார்.

"அன்னிக்கு வரலை."

குரு அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் காலை குருவே சமையலறைக்கு வந்தார். பொங்கல் தயாராக இருந்தது. மாசிலாமணி கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஆட்டுக்கல் மறைவுக்குப் போய்க்கொண்டிருந்தார். குருவைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

குரு கரண்டியைப் பார்க்கவில்லை. பக்கத்து அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கினார்.

"அடிப்பிடிச்சிருக்கு. முற்றம் வரைக்கும் வாடை வருது."

மாசிலாமணி பாத்திரத்தருகே குனிந்தார். நிமிர்ந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"எனக்கு வரலை சாமி. காய்ச்சலோட மூக்கு போயிடுச்சு. ஒருநாள் உப்பே போடாமப் படைச்சுட்டேன். மறுநாள்லேருந்து..." கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "தினமும் ருசி பாத்துட்டுத்தான் அனுப்பறேன். எச்சிலைத்தான் சாமிக்குப் படைச்சிருக்கேன். உங்களுக்கும் போட்டிருக்கேன்."

படிக்கு வெளியே அருவாமணைச் சத்தம் நின்றது.

மாசிலாமணி இடுப்பிலிருந்த சமையலறைச் சாவியை அவிழ்த்துக் குருவின் காலடியில் வைத்தார்.

"நான் ஊருக்குப் போயிடறேன்."

"போகலாம். முதல்ல இன்னிக்குப் பொங்கலைச் சொல்லுங்க. உப்பு சரியா?"

"தெரியலையே சாமி."

"மோந்து சொல்ல இங்க ஆள் இல்லையா?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

"எங்க?"

"வெளியில."

"யார் உக்கார வச்சது?"

குரு குனிந்து சாவியை எடுத்து மாசிலாமணியின் கையில் கொடுத்தார்.

"உள்ள கூப்பிடுங்க. என்ன ஆச்சுன்னு அவகிட்டயும் சொல்லுங்க. மணிக்கு நேரமாச்சு."

மாசிலாமணி இரண்டடி நடந்தார். வாசற்படிக்கு முன்னால் நின்று திரும்பினார்.

"குமட்டலுக்கு மருந்து ஒண்ணும் சொல்லலையே சாமி."

"அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."