பூவாயி கேட்ட மூணு வார்த்தை

ஒரு மலையூர்ல, பனி வந்து ஜன்னல்ல ஒட்டிக்கிற ஒரு வீட்ல, ஒரு தாத்தா இருந்தாரு. அந்தத் தாத்தாவுக்குத் தமிழ் வராது. அதே வீட்ல அவரைப் பாத்துக்க ஒரு அக்கா இருந்தா. அவளுக்கு இங்கிலீஷ் வராது. ம் சொல்லு, அப்பதான் பெரியம்மா மேல சொல்வேன்.

தாத்தா பேரு டெஸ்மண்ட். கல்கத்தா பக்கம் ரயில்வேல வேலை பாத்தவரு. ரிட்டயர் ஆனதும் சம்சாரத்தோட ஊருன்னு ஏற்காட்டுக்கு வந்தாரு. பால்காரரு, காய்கறிக்காரம்மா எல்லார்கிட்டயும் அந்தம்மாதான் தமிழ்ல பேசும். அந்தம்மா செத்துப் போனதும் அந்த வீட்டைவிட்டுத் தமிழும் போயிடுச்சு. ஒரே பொண்ணு, ரோஸ்லின், பெங்களூர்ல இருந்தா. அம்மா போனப்பறம் "என்கூட வந்துடுங்க"ன்னா. அவரு மாட்டேன்னாரு. பேச்சு தடிச்சுப்போச்சு. நாலு வருஷமா ரெண்டு பேரும் பேசிக்கல.

அப்புறம்தான் பூவாயி வேலைக்கு வந்தா. ஒத்தை ஒத்தை இங்கிலீஷ் வார்த்தை அவளுக்குத் தெரியும். கம்னா வா. கோன்னா போ. ரன்னுன்னா ஓடு. ஆனா இங்கிலீஷ்ல ஒண்ணு இருக்கு கண்ணு. ஒரு வார்த்தைக்குப் பின்னாடி அப், அவுட், ஆஃப்னு ஒரு குட்டி வார்த்தை வந்து ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா முன்னாடி நிக்கிற வார்த்தை ஆளே மாறிடும்.

நம்மகிட்ட மட்டும் இல்லையா என்ன? பாருன்னா கண்ணால பாக்குறது. தம்பியைப் பாத்துக்கோன்னு உங்கம்மா சொன்னா, நீ அவனையே முறைச்சுப் பாத்துக்கிட்டா உக்காந்திருப்ப? ம்... அதேதான்.

ஒருநாள் காலையில தாத்தா சொன்னாரு, மை டேப்லெட்ஸ் ஹேவ் ரன் அவுட்னு. பூவாயிக்கு ரன் அவுட் தெரியும். கிரிக்கெட்ல கேட்டிருக்கா. ஓ, மேட்ச் இருக்குபோலன்னு டொக்னு டிவியைப் போட்டுவிட்டா. தாத்தா டிவியைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. எந்திரிச்சுப் போயி மாத்திரை அட்டையை எடுத்துட்டு வந்து கட்டைவிரலால பொக்கு பொக்குன்னு அமுக்கிக் காட்டினாரு. எல்லாம் காலி. அட, தீந்துபோச்சுங்கிறாரு. அவ கடைக்கு ஓடிப்போயி வாங்கிட்டு வந்தா. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சிரிப்பு.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு அவரு ஆஸ்பத்திரிக்குப் போற நாள். தாத்தா குளிச்சுக்கிட்டிருந்தாரு. டிரிங் டிரிங்னு போன் வந்துச்சு. பூவாயி எடுத்தா. பேசினது வடக்கேருந்து வந்த டாக்டரம்மா. கடகடன்னு இங்கிலீஷ். அதுல புட் ஆஃப்ங்கிறது மட்டும் அவ காதுல விழுந்துச்சு. தினம் சாயங்காலம் தாத்தா புட் ஆஃப் தி லைட்னு சொல்வாரே, அது. இவ யெஸ் யெஸ்ன்னு போனை வச்சுட்டு, ரூம் ரூமாப் போயி லைட்டெல்லாம் டக்கு டக்குன்னு அணைச்சா. கிளம்புறப்ப மறக்காம அணைச்சுட்டு வரச் சொல்றாங்கன்னு நெனச்சுக்கிட்டா.

ரெண்டு பேரும் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்பினாங்க. பாதி வழியில சடசடன்னு மழை, காத்து வேற. குடை திரும்பிக்கிச்சு. தொப்பலா நனைஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டரம்மா ரூம் பூட்டியிருந்துச்சு. வாசல்ல இருந்த ஆயாம்மா சொன்னாங்க, இன்னைக்குப் பாக்கிறதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வச்சாச்சே, போன் பண்ணினோமேன்னு.

புட் ஆஃப்னா தள்ளி வைக்கிறதுன்னு அப்பதான் பூவாயிக்குத் தெரிஞ்சுது. அவ முகம் சுண்டிப்போச்சு.

தூங்கிட்டியா? ம்... சரி.

மறுநாள் தாத்தாவுக்கு லொக்கு லொக்குன்னு இருமல். அதுக்கு மறுநாள் உடம்பு அனலாக் கொதிச்சுது. மூச்சு கொர்ரு கொர்ருன்னு வந்துச்சு. ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னு படுக்கவச்சு மூக்குல குழாய் மாட்டினாங்க. என்னாலதானே, என்னாலதானேன்னு பூவாயி வராந்தாவுல உக்காந்திருந்தா. தண்ணிகூடக் குடிக்கல.

மத்தியானம் டாக்டரம்மா வெளிய வந்தாங்க. அவ தோள்ல கையை வச்சு, ஹி வில் புல் த்ரூன்னு சொல்லிட்டு, அடுத்த ஆளைப் பாக்க வேகமாப் போயிட்டாங்க.

புல்லுன்னா பூவாயிக்குத் தெரியும். பேங்க் கதவுல எழுதியிருக்கும், புல்லுன்னா இழு. இழுக்குதுன்னா சொன்னாங்க? அவளைப் பெத்தவ மூணு நாள் இழுத்துக்கிட்டுக் கிடந்துதான் உசுரு போச்சு. அவளுக்கு அந்த மூச்சுச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அப்போ அவ என்ன நெனச்சிருப்பான்னு பாத்துக்கோ.

அழக்கூட நேரமில்ல அவளுக்கு. வீட்டுக்கு ஓடினா. செத்துப்போன அந்தம்மா காலண்டர் அட்டைக்குப் பின்னாடி பொண்ணு நம்பரை எழுதி வச்சிருந்துச்சு. பூவாயி அந்தப் பொண்ணைப் பாத்ததில்ல, போட்டோவுல பாத்ததோட சரி. தாத்தா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டதும் இல்ல. அவரு கோவிச்சுக்குவாரோன்னு ரெண்டு தடவை போனை எடுத்து எடுத்து வச்சா. ஆனாலும் போட்டுட்டா. நான் உங்க வீட்ல வேலை பாக்குற பூவாயின்னு சொன்னா.

"அம்மா, அப்பாவுக்கு இழுத்துக்கிட்டிருக்குங்க. டாக்டரே சொல்லிட்டாங்க."

எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் கேட்டா ரோஸ்லின். அப்புறம், "வரேன்"னு ஒரு வார்த்தை வந்துச்சு.

ரோஸ்லின் பஸ் மாறி பஸ் மாறி, மலையேற ராத்திரி பஸ் இல்லாம, மறுநாள் காலையில பத்து மணிக்கு வந்து சேந்தா. மாத்துத் துணிகூட எடுத்துட்டு வரல. கதவைத் திறந்து பாத்தா, அப்பா தலகாணியில சாஞ்சு உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்காரு. அவளைப் பாத்ததும் கரண்டி அப்படியே நின்னுடுச்சு. மெதுவாக் காலை மடக்கிக் கட்டில்ல கொஞ்சம் எடம் விட்டாரு. அவ உக்காந்தா. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருந்தா.

அப்புறம் வராந்தாவுக்கு வந்து பூவாயிகிட்டக் கேட்டா, டாக்டர் என்ன வார்த்தை சொன்னாங்க, அப்படியே சொல்லுங்கன்னு. இவ சொன்னா, ஹி வில் புல் த்ரூன்னாங்கன்னு.

ரோஸ்லின் சால்வையால மூஞ்சியை மூடிக்கிட்டா. தோளு குலுங்குச்சு. அழுவுறான்னு நெனச்சா பூவாயி. சால்வையை எடுத்தா, சிரிப்பும் இருந்துச்சு, கண்ணுல தண்ணியும் இருந்துச்சு.

"பூவாயக்கா, அதுக்கு அர்த்தம், பிழைச்சுக்குவாருன்னு."

பூவாயி பயந்துபோயிட்டா. தெரியாத்தனமாச் சொல்லி இவ்வளவு தூரம் உங்களை அலைய வச்சுட்டேனே, மழையில நனைய வச்சதும் நான்தான்னு எல்லாத்தையும் கொட்டிட்டா. ரோஸ்லின் குறுக்கே பேசாமக் கேட்டா. அப்புறம் சொன்னா:

"நீங்க சரியாப் புரிஞ்சுக்கிட்டு, பிழைச்சுக்குவாருன்னு சொல்லியிருந்தீங்கன்னா, சரின்னு சொல்லிப் போனை வச்சிருப்பேன்க்கா. வந்திருக்கமாட்டேன்."

பூவாயி எழுந்து போயி ரெண்டு பேருக்கும் டீ வாங்கிட்டு வந்தா.

அப்புறம் ரோஸ்லின் பன்னெண்டு நாள் இருந்தா. அப்பா பெங்களூருக்குப் போகல, அவளும் கூப்பிடல. திரும்பிப் போயிட்டா. இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம போன் வருது. சில நாள் போன்லயே அப்பாவும் பொண்ணும் சண்டை போடுவாங்க. சமையல்கட்டுல பூவாயி கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிப்பா. அவங்க பேசுறது பாதி புரியாது. சண்டை போடட்டும்னு விட்டுடுவா.

ம் சத்தமே வரலையே... கதையும் போயிப் படுத்துடுச்சு கண்ணு, நீயும் தூங்கு.