ஆமை வைத்தியரின் வாய்

அத்திவனத்தில் ஒரு குரங்குப் படை காவல் காத்தது. உச்சிக் கிளையில் இருக்கும் காவலர் சிறுத்தையைக் கண்டதும் அலறுவார். கீழே இருக்கும் மான்களும் குட்டிகளும் தப்பி ஓடும். கூர்விழியும் நீள்வாலும் அந்தப் படையின் கெட்டிக்காரக் காவலர்கள்.

ஒருநாள் அவர்கள் கண்ணெதிரிலேயே தோழன் ஒருவனைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. அன்றிலிருந்து சருகு அசைந்தாலே கூர்விழிக்கு நடுக்கம் எடுத்தது. நீள்வாலுக்கோ அடிக்கடி தொண்டை அடைத்துக்கொண்டது.

"குளத்து ஆமை வைத்தியரிடம் போகிறேன். நீயும் வா!" என்றாள் கூர்விழி.

"முதலில் நீ போய் வா. பிறகு நான் போகிறேன்" என்றான் நீள்வால்.

"மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடு, அம்மா! இந்த ஓட்டுக்குள் போனது வெளியே வராது!" என்றது ஆமை. கூர்விழி அழுது தீர்த்தாள். அவள் திரும்பி வருவதற்குள் ஆமை படைத்தலைவர் கடுவனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டது! நடக்கத்தான் அதற்குச் சோம்பல். கோள் சொல்ல எத்தனை வேகம்!

"நடுங்குகிறவளுக்கு உச்சிக் கிளை எதற்கு? போய் அத்திப்பழம் பொறுக்கட்டும்!" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் கடுவன். படையே சிரித்தது. அந்தக் காட்டை எத்தனை தடவை காப்பாற்றியவள் அவள்! நன்றி கெட்ட கூட்டம்! ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை.

நீள்வாலுக்கு மனம் கொதித்தது. குளத்துப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு செய்தான்.

"உனக்கு ஒன்றும் இல்லையே?" என்று கடுவன் கேட்டார்.

"எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்!"

"இவனல்லவா வீரன்!" உச்சிக் கிளை அவனுக்கே கிடைத்தது.

மழை விட்ட ஒரு காலையில் புதருக்குள் சிறுத்தை பதுங்கி வந்தது. கீழே கடுவனின் சின்ன மகன் விளையாடிக்கொண்டிருந்தான். நீள்வால் சிறுத்தையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை!

அத்திமரத்தடியில் நின்ற கூர்விழியும் அதைப் பார்த்துவிட்டாள். உடம்பெல்லாம் நடுங்க, "சிறுத்தை! ஓடு!" என்று அலறினாள். பையன் கிளைக்குத் தாவினான். சிறுத்தையின் வாயில் அவன் வாலில் பாதிதான் சிக்கியது.

"தொண்டை அடைத்துக்கொண்டது" என்று நீள்வால் முனகினான். கடுவன் சீறினார். "தொண்டை அடைக்கிறது என்று முன்பே ஏனடா சொல்லவில்லை?"

"சொன்னவளை என்ன செய்தீர்கள், தலைவரே?" என்று கேட்டான் நீள்வால். இப்போது அவன் குரல் காடெங்கும் கேட்டது.

குளக்கரையில் அதைக் கேட்ட ஆமை மெல்லத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

நம்பிச் சொன்ன வேதனையை அம்பலப்படுத்தி, சொன்னவரையே தண்டிக்கும் இடத்தில் காவலர்கள் தங்கள் நோயை மறைக்கத்தான் செய்வார்கள். அந்தக் கேடு அவர்களை நம்பியிருக்கும் பிள்ளைகளின் தலையில்தான் விடியும்.