அரமணைச் சமையக்காரங்க பொழச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம். இருந்தான்னா, ஓடிப்போற வரைக்கும் இருந்தான். அவன் அரமணையில சமையக்கட்டு மட்டும் ஒரு தெரு நீளம், அதுல நூறு பேரு வேலை. ஆனா ஒரு ஆளுக்கு ஒரு வேலைதான். அரிசி அளக்குறவன் அளப்பான், கழுவுறவ கழுவுவா, அடுப்பு மூட்டுறவன் மூட்டுவான், எரியுற அடுப்பத் தணிக்க வேற ஆளு. உப்புப் போட ஒருத்தன், போட்ட உப்பக் கிண்ட இன்னொருத்தன். ஒருத்தர் வேலைய ஒருத்தர் தொட்டா பன்னெண்டு கசையடி. எல்லாம் ஒரே கையில இருந்தா எவனாச்சும் விஷத்தக் கலந்துருவான்னு ராசாவுக்குப் பயம். சிரிக்காதீங்கடா, உங்கள்ல எத்தனை பேருக்கு உலை வைக்கத் தெரியும்?

அந்தச் சமையக்கட்டுல குருவம்மா குருவம்மான்னு ஒருத்தி. அவளுக்கு வேலை சோறு வடிக்கிறது. ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாப்பா, வெந்திருந்தா வடிப்பா, அம்புட்டுத்தான். பத்து வருஷமா வடிக்கிறா, ஒரு நாள் உலை வச்சதில்ல.

அப்புறம் என்னாச்சு, மூணு வருஷம் மழையே இல்ல. குளம் வத்திப்போச்சு, சந்தை கலைஞ்சுபோச்சு, ஊரே காலியாப்போச்சு. திங்கக்கிழமை ராசா பல்லக்குல போனான். செவ்வாக்கிழமை மந்திரி குதிரையில போனான். புதன்கிழமை பட்டாளம் நடந்து போச்சு, குருவம்மா புருசனும் அதோட போனவன்தான், திரும்பி வரவேயில்ல. அப்ப அவ அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. சமையக்கட்டுல மிஞ்சுனது ஒம்பதே பேரு. போக்கிடம் இல்லாதவங்க.

இப்பக் கேளுங்க கூத்த. அங்க மணியடிச்சாத்தான் அடுப்பு மூட்டணும். மணியடிக்கிறவன் ஓடிட்டான். இவங்க என்ன பண்ணாங்க? ஒரு மூட்டை அரிசிய முன்னால வச்சுக்கிட்டு மணிக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க! மொத நாள் அரிசி அளக்குற அய்யாவு, "இன்னைக்குக் கொஞ்சம் தாமசம் போல"ன்னாரு. ரெண்டாம் நாளும், "தாமசம் போல"ன்னாரு. மூணாம் நாள் அவருக்குப் பேச்சே வரல, வயிறுதான் பேசுச்சு.

அன்னைக்குக் குருவம்மா வயித்துக்குள்ள பிள்ளை ஒரு உதை விட்டுச்சு. அவளுக்குச் சுருக்குன்னுச்சு. எந்திரிச்சா, கரண்டிய எடுத்தா, மணியில ஓங்கி ஒண்ணு வச்சா, டங்குன்னு.

"அடியே குருவு! பன்னெண்டு அடிடீ!"ன்னு அய்யாவு அலறுனாரு.

"அடிக்கிறவனும் ஓடிட்டான் மாமா. நீங்க அரிசிய அளங்க."

அளந்தாங்க, கழுவுனாங்க, மூட்டுனாங்க. உப்பில்லாம, பாதி அடிப்பிடிச்ச சோறு. தின்னுட்டு ஒம்பது பேரும் அழுதாங்க, அவ்வளவு ருசியா இருந்துச்சாம்.

அப்புறம் அரமணைக் களஞ்சியத்தத் தொறந்து பாத்தா, எலி தின்னது போக ஒரே ஒரு மூட்டை வெத நெல்லு கெடந்துச்சு. நெல்லு குத்துற ஒச்சம்மா அதுல ஒரு கைப்பிடிய அள்ளி மோந்து பாத்தா. அவ மட்டும்தான் வயக்காட்டுல பொறந்து வந்தவ. "குருவு, இது உசுரோட இருக்குடீ. ஆடியில மழை விழுந்தா, ஆத்தங்கரையில வெதைச்சிரலாம். தையில உன் பிள்ளைக்குச் சோறூட்டுற நேரத்துக்குச் சரியா வெளஞ்சிரும்"ன்னா. குருவம்மா அந்த மூட்டையத் தொட்டுக் கும்பிட்டா. அது போச்சுன்னா அடுத்த வருசம்னு ஒண்ணு அவங்களுக்குக் கெடையாது, ஆமா.

ஒம்பது பேரும் ஆத்தங்கரைக்குப் போயி, பள்ளத்துல கொஞ்சம் தண்ணி மிஞ்சிக் கெடந்த எடமாப் பாத்துக் குடிசை போட்டாங்க. கொண்டுபோன அரிசி பத்து நாள்ல தீந்துச்சு. அதுக்கப்புறம் மீனும் கெழங்கும்தான். அவிக்கணும்ல? அடுப்பு மூட்ட மாசாணத்தத்தான் கூப்பிடணும். அவன் அப்பன் அடுப்பு மூட்டுனவன், அவன் தாத்தன் அடுப்பு மூட்டுனவன். சக்கிமுக்கிக் கல்லு அவன் மடியில இருக்கும். முதுகக் காட்டி உக்காந்துதான் தட்டுவான், யாருக்கும் காட்ட மாட்டான். ஆக்கி முடிஞ்சதும் அவனே தண்ணிய ஊத்தி அணைச்சிருவான், ஒரு கங்கு மிச்சம் வைக்க மாட்டான். கெட்டிக்காரனாம்!

"எனக்கும் சொல்லிக் குடுண்ணே, உனக்கு ஒரு காய்ச்சல் மண்டையிடின்னா நாங்க என்ன செய்ய?"ன்னு குருவம்மா கேட்டா.

"உனக்கு எதுக்கு? நீ வடிக்கப் பொறந்தவ, வடி"ன்னான்.

கொஞ்ச நாள் கழிச்சு, "பெரிய மீனு எனக்குத்தான், இல்லாட்டி அடுப்பு இல்ல"ன்னான். சரின்னு குடுத்தாங்க. இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு, "நான் நடக்க மாட்டேன், தூக்கிட்டுப் போனாத்தான் அடுப்பு"ன்னான். முணுமுணுத்துக்கிட்டே தூக்குனாங்க. அப்புறம் ஒரு நாள், "ராசா இல்லாத ஊருக்கு நான்தான் ராசா. பட்டாபிஷேகத்துக்கு அந்த நெல்லக் குத்திச் சோறாக்குங்க"ன்னு உக்காந்துட்டான்.

எல்லாரும் குருவம்மா மூஞ்சியப் பாத்தாங்க. அவ மூட்டை மேல ஏறி உக்காந்தா.

"மீனக் கேட்ட, குடுத்தோம். தோளக் கேட்ட, குடுத்தோம். இது என் பிள்ளை சோறு. குடுக்க மாட்டேன் போ."

"பச்சை மீனத் தின்னுங்க, அப்பத் தெரியும்"னு கத்திக்கிட்டு எரியுற அடுப்புல தண்ணிய ஊத்துனான். மத்தியானம் எல்லாரும் கெழங்கு தோண்டப் போன நேரம் பாத்து, மூட்டையத் தூக்கித் தலையில வச்சான், ஒரு பானைய எடுத்துக்கிட்டான், கல்ல மடியில கட்டிக்கிட்டு கம்பி நீட்டிட்டான்.

திரும்பி வந்து பாத்தா மூட்டை இருந்த எடம் வெறும் தரை. குருவம்மா அப்படியே உக்காந்துட்டா. அழுகை கூட வரல அவளுக்கு. வயித்துல கைய வச்சுக்கிட்டு, "உனக்கு நான் என்னடா வச்சிருக்கேன் இனிமே?"ன்னா. அன்னைக்கு எல்லாரும் கோரைக்கெழங்கப் பச்சையா மென்னாங்க.

இந்தப் பக்கம் மாசாணம் என்ன பண்ணான்? ஒரு பாறை மறைவுல உக்காந்து கல்லத் தட்டுனான், தீ மூட்டுனான், நெல்ல அப்படியே அள்ளிப் பானையில போட்டான். நெல்லும் அரிசியும் வேறன்னு அவனுக்குத் தெரியும், ஆனா உமி எப்படிப் போகும்னு எவன் கண்டான்? அது ஒச்சம்மா வேலையாச்சே! வெந்தத வாயில போட்டான், உமி தொண்டையக் கிழிச்சுருச்சு. மறுநாள் கல்ல வச்சு இடிச்சான். உமியும் தவிடும் அரிசியும் மண்ணும் ஒண்ணாக் கலந்து தூளாப்போச்சு, ஊதுனான், எல்லாம் பறந்துபோச்சு. மூணாம் நாள், "பொரியாச்சும் பொரிப்போம்"னு வறுத்தான். அதுக்குத் தீயத் தணிக்கணும். இவனுக்குத்தான் எரிக்க மட்டும் தெரியுமே! அம்புட்டும் கரி. கோவத்துல இன்னும் வெறகப் போட்டான், பொகை ஆகாசத்துக்குப் போச்சு.

அந்தப் பொகைய ஒச்சம்மா பாத்துட்டா. "குருவு, அந்தா பாரு, அடுப்பு மூட்டுறவன் அடுப்பு மூட்டியிருக்கான்!"

எட்டுப் பேரும் ஓடுனாங்க, அதுல குருவம்மா வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடுனா. போயிப் பாத்தா, மூணு நாள் பட்டினியில மாசாணம் கண்ணு உள்ள போயி, வாயெல்லாம் கரியா உக்காந்திருக்கான். குருவம்மா அவனப் பாக்கல, நேரா மூட்டைகிட்டப் போயி கைய விட்டா. நாலு படிகூடக் கொறையல! தின்னத் தெரியாத திருடன்கிட்ட மாட்டுனதால நெல்லு பொழச்சுது. அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு, மூட்டையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

"இவனக் கட்டி ஆத்துல போடுங்க"ன்னாரு அய்யாவு.

"வேணாம் மாமா. இவன் செத்தா நெருப்பும் இவனோட போயிரும். பட்டினியா இருக்கான், மொதல்ல கெழங்கக் குடுங்க. அப்புறம் பேசுவோம்"னா குருவம்மா. அவன் தின்னு முடிச்சதும், "அண்ணே, இன்னையிலேருந்து நம்மகிட்ட ஒரே சட்டம். தனக்குத் தெரிஞ்சத ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தாத்தான் அன்னைக்குச் சோறு. உனக்கும் அதான், எனக்கும் அதான்"னா.

மாசாணம் தலையக் குனிஞ்சுக்கிட்டான். மெதுவாத் திரும்புனான், இந்தத் தடவ முதுகக் காட்டல, மூஞ்சியக் காட்டி உக்காந்தான். "கல்ல இப்படிச் சாய்ச்சுப் பிடி தங்கச்சி. பஞ்சுகிட்ட வச்சு இழுத்துத் தட்டு"ன்னான். குருவம்மா தட்டுனா, வரல. தட்டுனா, வரல. மூணாவது தடவ பஞ்சு புகைஞ்சுது.

அப்புறம் என்ன, ஒச்சம்மா விடுவாளா? ஒரு மரத்தக் குடைஞ்சு உரல் செஞ்சு, உலக்கைய மாசாணம் கையில குடுத்து, "ராசாவே, குத்துங்க"ன்னா. நெல்லு வெளையிற வரைக்கும் காட்டுப் புல்லுல உருவுன புல்லரிசியாக் கொண்டாந்து கொட்டுனா. உள்ளங்கை ரெண்டும் கொப்புளிச்சு, உரிஞ்சு, காப்புக் காய்க்கிற வரைக்கும் அவன் குத்துனான். தூக்கிட்டுத் திரிஞ்சாங்கல்ல, அந்தக் கணக்குத் தீரணும்ல!

ஆடியில மழை வந்துச்சு. வந்துச்சுன்னா லேசா இல்ல, ஆறு ரெண்டு கரையும் தொட்டுப் போச்சு. ஒச்சம்மா சொல்லச் சொல்ல ஒம்பது பேரும் வெதைச்சாங்க. ஆவணியில குருவம்மாவுக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. ஆத்தோரமா அங்கயும் இங்கயும் பசியோட அலைஞ்சவங்க பொகையப் பாத்து வந்தாங்க. வந்தவங்கள, "உங்களுக்கு என்ன தெரியும்?"னு கேட்டாங்க, "தெரிஞ்சதச் சொல்லிக் குடுங்க, தெரியாததக் கத்துக்கங்க, இருங்க"ன்னாங்க. தை மாசம் கதிரறுக்கையில நாப்பது குடிசை ஆகிப்போச்சு.

பிள்ளைக்குச் சோறூட்டுற நாளு. "யாரு சோறாக்குறது?"ன்னு ஒருத்தருக்கொருத்தர் போட்டி. குருவம்மா, "தள்ளுங்க எல்லாரும்"னா. அவளே குத்துனா, அவளே பொடைச்சா, அவளே அளந்தா, அவளே கழுவுனா, அவளே அடுப்பு மூட்டி, தணிச்சு, உப்புப் போட்டு, கடைசியா வடிச்சா. கூட ஒரு கை கெடையாது. ஆறி வந்ததும் குழைய மசிச்சு, ஒரு துளி எடுத்துப் பிள்ளை நாக்குல வச்சா. பிள்ளை மூஞ்சியச் சுளிச்சுது, சப்புக்கொட்டுச்சு, இன்னும் குடுன்னு வாயத் தொறந்துச்சு. நாப்பது குடிசையும் கொலவை போட்டுச்சாம். மாசாணம் மட்டும் மூலையில நின்னு, காப்புக் காய்ச்ச கையால கண்ணத் தொடைச்சுக்கிட்டு இருந்தான்.

வித்தைய மறைச்சவன் வெறும் வயித்தோட கெடந்தான், பகுந்தவங்க பல்கிப் பெருகுனாங்க. அவங்க அங்க நல்லா இருக்காங்க, நாம இங்க நல்லா இருக்கோம். அம்புட்டுத்தான் கதை. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு, யாராச்சும் எந்திரிச்சுத் தண்ணி மொண்டு வாங்க. பானை எங்க இருக்குன்னு என்னையவே கேட்டா பாத்துக்கங்க!