கொலுமண்டபத்துக்கு வந்த கருவாடு

முன்னொரு காலத்தில், பேர் கேட்டால் எனக்கும் தெரியாத ஒரு கடற்கரை நாட்டில், ஓர் அரசர் இருந்தார். எதிரி வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது இரண்டு உத்தரவு போட்டார். அவர் கையால் முத்திரை விழாமல் எந்தப் பொருளும் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது. சுமை தூக்கியவன் அவர் சொல்லாமல் இறக்கக் கூடாது. தானியம் களவு போகாமல் நாடு பிழைத்தது. எதிரி ஓடிப்போய் வெகுகாலம் ஆகியும் உத்தரவு மட்டும் போகவில்லை. கோட்டைக் கிடங்கில் சரக்கு தேங்க, வந்த கப்பல்கள் காத்திருந்து சலித்துப் பக்கத்து நாட்டுக்குப் போயின.

அரண்மனை விகடகவி விடங்கன்மேல் அமைச்சர் மழவராயருக்குத் தீராத வயிற்றெரிச்சல். துறைமுகப் பொறுப்பை அவனுக்கே கொடுக்கலாமே என்று அரசர் காதில் ஓதினார். அரசருக்கும் அது வேடிக்கையாகப் பட்டது.

"நாளை மாலைக்குள் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் கிடங்குக் கருவாடு முழுவதும் ஏற வேண்டும். நம் உத்தரவை இம்மியும் மீறக் கூடாது. தவறினால் உன் தலை தப்பாது" என்றார். சபை திகைத்தது.

மறுநாள் கொலுவுக்கு வந்த அரசர் வாசலிலேயே திடுக்கிட்டு நின்றார். மண்டபம் முழுக்கச் சுமைகாரர்கள். ஒவ்வொருவர் தலையிலும் கருவாட்டு மூட்டை. சாமரம் வீசும் பெண்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.

"அரசே, முத்திரை மோதிரம் தங்கள் விரலில் இருக்கிறது. மூட்டைகள் அதைத் தேடி வந்திருக்கின்றன" என்று பணிந்தான் விடங்கன்.

சொன்ன சொல் தம்முடையதாயிற்றே. அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்த உட்கார்ந்தார். அரக்கு விரலைச் சுட்டது. உச்சிப்பொழுதாகியும் வரிசை குறையவில்லை.

முன்னால் நின்ற சுமைகாரர் முனகினார்: "சாமி, கழுத்து ஒடியுது. எறக்கட்டுமா?"

"போட்டுத் தொலை" என்றார் அரசர். சுமைகாரர் நின்ற இடத்திலேயே போட்டார். மூட்டை கிழிந்து கருவாடு சிம்மாசனப் படிவரை சிதறியது. மழவராயர் மடியில் ஒரு வாளைக் கருவாடு வந்து விழுந்தது.

அந்த நேரம் கப்பலில் சங்கு ஊதினார்கள். கிளம்பப்போகிறார்கள் என்று பொருள். அரசர் முகம் வெளிறியது. இதுவும் போனால் இனி ஒரு கப்பலும் இந்தப் பக்கம் வராது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாட்டைக் காப்பாற்றிய உத்தரவு இது. இதுவா நம்மைக் கெடுக்கிறது?"

"உத்தரவு அப்படியேதான் இருக்கிறது, அரசே. அன்று வாசலுக்கு வெளியே நின்றவன் எதிரி. இன்று நிற்பவர் வாடிக்கைக்காரர்" என்றான் விடங்கன்.

அரசர் சுட்ட விரலைப் பார்த்தார். மழவராயர் மடியைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். கப்பலை நிறுத்த ஆள் அனுப்பி, வாசலைத் திறக்கச் சொல்லி, ஏற்றுவது இறக்குவதெல்லாம் இனி சுமைகாரர் பாடு என்றார். பொழுது சாயுமுன் கப்பல் நிறைந்தது. சிதறியதைப் பொறுக்கும் வேலை மழவராயருக்குக் கிடைத்தது.

அரசர் பொற்கிழியோடு மோதிரத்தையும் கழற்றி விடங்கன் கையில் வைத்தார்.

"மறுபடி எதிரி வந்தால், அரசே?"

"என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. ஓடி வந்து என் விரலில் மாட்டிவிடு."