பெருவிரல் விழுந்த வரைபடம்

பொறியாளர் தமயந்தியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் அருளப்பன். அவரைவிட வயதில் மூத்தவர். அதுவரை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் வரைந்தவர்.

கட்டுவது ஒரு சிறிய மருத்துவமனை. அன்று மதியம் கீழ்த்தளத்தின் கூரைக்குக் கான்கிரீட் போட வேண்டும். அது பிசகில்லாமல் முடிந்தால் அடுத்த தளம் முழுக்க அருளப்பனின் பொறுப்பு என்று தமயந்தி சொல்லியிருந்தார்.

காலையில் அருளப்பன் கேட்டார். "மேடம், சைட்டுல டிராயிங் எப்பவும் சரியா இருக்கணும்னா என்ன செய்யணும்?"

"நீங்க என்ன செய்றீங்க?"

"மாத்தின டிராயிங் வந்த உடனே டேப்லெட்டுல ஏத்திடுறேன். பழசை அழிச்சிடுறேன். பாருங்க, ஒண்ணுகூடப் பழசு இல்ல."

தமயந்தி வாங்கிப் பார்த்தார். அறுவை சிகிச்சை அறைக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்க்காகக் கூரையில் விடும் திறப்பு, முன்பைவிட ஒன்றரை அடி அகலமாகியிருந்தது. முந்தின வாரம் வந்த மாற்றம் அது.

"சுத்தமா வச்சிருக்கீங்க. வாங்க, மேல போகலாம்."

மேலே பலகை அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். அருளப்பன் டேப் பிடித்துத் திறப்பை அளந்தார். மறுபடியும் அளந்தார். ஒன்றரை அடி குறைந்தது.

"மேஸ்திரி! எந்த டிராயிங்கைப் பார்த்துய்யா அடிச்சீங்க?"

பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி ஏகாம்பரம் சுத்தியலைக் கீழே வைத்தார். "நீங்க குடுத்ததுதான் சார்."

"நான் குடுத்ததா? என்கிட்ட இருக்கிறது இது!" அருளப்பன் டேப்லெட்டை நீட்டினார்.

"அது உங்ககிட்ட இருக்கிறது. என்கிட்ட இருக்கிறது இது."

ஏகாம்பரம் போனை எடுத்துக் காட்டினார். மாற்றம் வருவதற்கு முன்பே டேப்லெட் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தார். வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்திருந்தது. ஓரத்தில் ஒரு பெருவிரலும், பக்கத்து விரலில் ஒரு மோதிரமும் தெரிந்தன.

"நீங்கதான சார் ஆடாம பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. மோதிரக் கல்லு எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க."

கம்பி கட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அருளப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற யார்கிட்ட இருக்கு இது?"

"அன்னைக்கே குரூப்புல போட்டுட்டேனே சார். கம்பிக்காரர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், எல்லார்கிட்டயும் இருக்கு."

அருளப்பன் தமயந்தியைப் பார்த்தார். அவர் குனிந்து, திறப்பின் ஓரப் பலகையைக் கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளப்பன் ஒதுங்கிப் போய்க் கான்கிரீட் கம்பெனிக்குப் போன் செய்தார். "இன்னைக்கு லாரி அனுப்பாதீங்க. தப்பு எங்க பக்கம். இல்ல, மேஸ்திரி இல்ல. நான்தான்."

திரும்பி வந்தபோது ஏகாம்பரத்தின் ஆட்கள் பலகையைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"அடுத்த தளம் எனக்கு வேண்டாம் மேடம்."

"அதை இந்தத் திறப்பு சரியானதுக்கு அப்புறம் பேசலாம்."

அருளப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாத்தின டிராயிங் வந்தா நீங்க முதல்ல எதைத் திறந்து பார்ப்பீங்க மேடம்?"

"மேஸ்திரி போனை."