சேவலின் கொண்டைக்கு எந்தச் சிவப்பு

திருநெல்வேலி டவுனில் பூண்டு மண்டி வைத்திருந்த ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு குரு வாய்த்தாள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் எஸ்தர். பாளையங்கோட்டையில் ஒரு கட்டடத்தின் மாடியில், பெரியவர்கள் வண்ணம் தீட்டுகிற படப் புத்தகங்களும் அதற்கு வேண்டிய பேனா பென்சில்களும் விற்றுவந்தாள். வாங்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்து தீட்ட ஆறு மேஜையும் போட்டிருந்தாள்.

ஆவுடையப்பன் ஆசைப்பட்டு அந்தப் படி ஏறவில்லை. மகள் ஏற்றிவிட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது, பழத்தட்டு ஒன்று குறைகிறதே என்று சம்பந்தியிடம் ஒரு வார்த்தை கேட்டார். ஒரு வார்த்தை என்பது அவர் சொல்வது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே ஓடிவந்தார்கள் என்பது ஊர் சொல்வது. கல்யாணம் எப்படியோ நடந்தது. சம்பந்தி இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

இப்போது இளையவள் பிரமுவுக்கு நிச்சயம். நடுவில் ஒரே ஒரு மாதம். பிரமு அதிர்ந்து பேசாத பெண். அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை காத்திருந்து சொன்னாள்.

“பாளையங்கோட்டையில மாடியில ஒரு கலர் புத்தகக் கடை இருக்கு. அங்க போயி ஒரே ஒரு படம்ப்பா. பேப்பரைக் கிழிக்காம, யாரையும் வையாம, முழுசா கலர் அடிச்சு முடிங்க. முடிச்சா நீங்க தட்டு மாத்துங்க. இல்லைன்னா சித்தப்பா மாத்தட்டும்.”

ஆவுடையப்பன் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் மகள் சிரிக்கவில்லை என்று கண்டார். கூடப் பிறந்தவன் பட்டு வேட்டியோடு தட்டை நீட்டுவதும், தான் பந்தியில் பாயசம் ஊற்றுவதும் கண்ணில் வந்துபோயின. மறுநாள் காலை பத்து மணிக்கு மாடியில் நின்றார்.

பிரமு போட்ட நிபந்தனையைச் சொல்லி, எந்தப் புத்தகம் வாங்கட்டும் என்று கேட்டார். எஸ்தர் மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று தலையணை கனம், தாளின் இரண்டு பக்கமும் படம், இருநூறு படம். இன்னொன்று நடுத்தரம். மூன்றாவது இருபதே தாள், ஒரு பக்கம்தான் படம், தாள் கல்யாணப் பத்திரிகை அட்டைபோல நின்றது. அவள் தாளைப் பற்றியும், எந்தத் தாளுக்கு எந்தப் பேனா என்றும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மூன்றையும் கவிழ்த்துப்போட்டுப் பின்னட்டையில் விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது படம் இருநூறு படத்தைவிட விலை கூடுதலா, எந்தக் கிறுக்கன் வாங்குவான் என்று அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டித் தலையணையை வாங்கினார். கூட அறுபது ஸ்கெட்ச் பேனா. இலவசமாக ஒரு ஷார்ப்னர் கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்று அதையும் வாங்கினார். ஸ்கெட்ச் பேனாவுக்கு ஷார்ப்னர் எதற்கு என்று எஸ்தர் கேட்கவில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

அவர் படி இறங்கும்போது, எந்தக் கலரையும் படத்தில் வைக்குமுன் கடைசித் தாளில் ஒரு கீறல் கீறிப் பாருங்கள், இங்கே அதுதான் வழக்கம் என்றாள். நல்ல தாளை யாராவது கிறுக்கிக் கெடுப்பார்களா என்று நினைத்துக்கொண்டே அவர் போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வருகிறார் என்பது மாடிக்குப் படிச்சத்தத்திலேயே தெரிந்தது.

அவர் தீட்டியது கோபுரம். மை ஊறி, கோபுரத்து மாடங்கள் எல்லாம் வீங்கிக் கிடந்தன. தாளைத் திருப்பினால் தாமரைக் குளம். குளம் முழுக்க அம்மை போட்டிருந்தது. இது கடையா, கண்ணைக் கட்டி விற்கிற இடமா என்று ஆரம்பித்தார். மேஜைகளில் இருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

எஸ்தர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இந்தத் தாள் மை தாங்காதுன்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“சொன்னேன் அண்ணாச்சி. நீங்க விலை கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆவுடையப்பன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

எஸ்தர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மூன்று புத்தகத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையில் கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் தேய்த்தார். மூட்டைக்குள் கையைவிட்டே எந்தப் பூண்டு காய்ந்தது, எது ஈரம் என்று சொல்கிற விரல் அது.

“இது ஈரம் தாங்காது. இதுவும் சந்தேகம். இது தாங்கும்.”

“பூண்டும் இப்படித்தான் பாப்பீங்களா?”

“பின்னே? கண்ணை நம்புனா நாமம்தான்.”

“விலை எப்பக் கேப்பீங்க?”

“கையில பாத்த பொறவுதான்...” என்றவர் கண்ணைத் திறந்தார். கையில் இருபது தாள் புத்தகம் இருந்தது.

அன்று அவர் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கேட்டார்.

இந்தமுறை அறுபது பேனாவுக்குப் பதில் இருபத்துநாலு கலர் பென்சில் கொடுத்தாள். பென்சில் தாளை ஊடுருவாது, தப்பினாலும் மேலே இன்னொரு கலர் ஏற்றிக்கொள்ளலாம் என்றாள். படம் எதை எடுக்க என்று கேட்டார். அவர் விரல் ஏற்கெனவே ஆயிரம் பொம்மை உள்ள ஒரு தேரின் மேல் இருந்தது. எஸ்தர் அவர் மூக்கில் இருந்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“இப்ப எந்தப் படத்துல கோடு தெரியுது?”

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தேர் புகைபோல இருந்தது. தெரிந்தது ஒரு சேவல் மட்டும்தான். பெரிய பெரிய இறகு, நீள வால்.

“சேவலா? மண்டியில தெரிஞ்சா சிரிப்பானுவளே.”

“தட்டு மண்டியிலயா மாத்தப் போறீங்க?”

சேவலோடு உட்கார்ந்தார். மூட்டையில் பெயர் எழுதுகிற கை. மத்தியானத்துக்குள் ஏழு முனை ஒடிந்தது. எப்படிப் பிடித்தால் ஒடியாது என்று கேட்டார். எஸ்தர் பென்சிலை வாங்கி அதன் வால்முனையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள்.

“இப்படிப் பிடிச்சா அழுத்தவே முடியாதே டீச்சர்.”

“ஆமா.”

அவர் அப்படியே பிடித்தார். முதல் பூச்சு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு ஒரு பச்சை. அதன்மேல் நீலம். அதன்மேல் மறுபடி பச்சை. ஒவ்வொன்றையும் கடைசித் தாளில் கீறிப் பார்த்த பிறகே படத்துக்கு வந்தார். தினமும் மண்டியைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவார். வால் முடியவே ஆறு நாள் ஆயிற்று.

நடுவில் ஒருநாள் போன் வந்தது. மேட்டுப்பாளையத்தில் இருந்து பூண்டு ஏற்றிக் கிளம்பிய லாரி வழியில் நின்றுவிட்டது. சுற்றிலும் ஆட்கள் குனிந்து தீட்டிக்கொண்டிருந்ததால் ஆவுடையப்பன் மெல்லிய குரலில், சரி தம்பி, வண்டியைச் சரிபண்ணிட்டு மெதுவா வா என்றார். லாரிக்காரன் போனை வைத்துவிட்டுக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டான். அண்ணாச்சியை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று கேட்டான். கணக்கப்பிள்ளை அதை ஆவுடையப்பனுக்குப் போன் போட்டுச் சொல்ல, மாடியே சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார், பென்சிலைக் கீழே வைக்காமல்.

நிச்சயத்துக்கு முதல்நாள் வந்தது. சேவல் கால் நகம்வரை முடிந்துவிட்டது. கொண்டை மட்டும் வெள்ளையாக இருந்தது.

பெட்டியில் சிவப்பு நாலு இருந்தன. நாலையும் கடைசித் தாளில் பக்கம்பக்கமாகக் கீறி வைத்திருந்தார். ஒன்று மிளகாய்ப்பழம், ஒன்று செங்கல், ஒன்று குங்குமம், ஒன்று மாதுளம்பூ. ஒரு மணி நேரமாகப் பார்த்தும் பிடிபடவில்லை. புத்தகத்தை எஸ்தரிடம் கொண்டுபோனார்.

“எந்தச் சிவப்பு வைக்கட்டும் டீச்சர்?”

எஸ்தர் சிவப்புகளைப் பார்க்கவில்லை.

“பிரமு நாளைக்கு என்ன கலர் சேலை கட்டுறா?”

ஆவுடையப்பன் யோசித்தார். ஜவுளிக்கடையில் அவர்தான் முன்னால் நின்று பேசினார். கடைக்காரன் சொன்ன விலை தெரியும். தான் முடித்த விலை தெரியும். கடைக்காரன் கும்பிடு போட்டதும் தெரியும். சேலையின் கலர் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“கொண்டைக்கு என்ன சிவப்புன்னு அவளைக் கேளுங்க” என்றாள் எஸ்தர்.

“முழுசா முடிச்ச படம்லா கேட்டா. பாதியில கொண்டுபோயி நின்னா, தட்டு தம்பி கைக்குப் போயிரும்.”

“போகலாம்.”

“ஒரு நிமிஷ வேலை. இங்கயே முடிச்சுட்டுப் போயிருவேன்.”

“முடிக்கலாம்.”

நாலு பென்சிலும் மேஜையில் கிடந்தன. ஆவுடையப்பன் குங்குமச் சிவப்பை எடுத்தார். வால்முனையில் பிடித்தார். கொண்டைக்கு ஒரு விரற்கடை மேலே அது அப்படியே நின்றது. பிறகு கீழே வைத்தார்.

அவர் குரல் இறங்கிவிட்டது. பிரமு சின்ன வயசில் இருந்தே கேட்டதும் பதில் சொல்லமாட்டாள் என்றார். பொம்மைக் கடையானாலும் சரி, காலேஜானாலும் சரி, பேசாமல் நிற்பாள். அதற்குள் தானே ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம் என்றார்.

“இப்பவும் ஒண்ணும் சொல்லாம நின்னுட்டான்னா நான் என்ன செய்ய டீச்சர்?”

எஸ்தர் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

“ஒரு வாலுக்கு ஆறு நாள் உக்காந்திருந்தீங்களே அண்ணாச்சி.”